பார்வைக்கு ஒரு குவியல்

சட்டை வெட்டி எடுத்த பிறகு மேசையில் சட்டையின் ஓட்டைகள் மிஞ்சும். கை போன இடம், கழுத்து போன இடம், பை போன இடம். அந்த ஓட்டைகளைச் சுற்றி நிற்கிற துணிக்கு எங்கள் தொழிற்சாலையில் வெட்டுத்துணி என்று பெயர். கட்டிங் மாஸ்டர் எவ்வளவு நெருக்கி வெட்டு அச்சுகளை அடுக்கினாலும் அது மிஞ்சத்தான் செய்யும். மனிதக் கழுத்து வட்டமாக இருக்கிறவரை, துணி நேராக நெய்யப்படுகிறவரை, அதற்கு வேறு வழி கிடையாது.

துணித் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்த கையோடு நான் அங்கே சேர்ந்தேன். இரண்டாயிரங்களின் முற்பகுதி. திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு பழைய கிடங்கைத் தையல் கூடமாக மாற்றியிருந்தார்கள். காற்று கடலிலிருந்து வந்தால் கருவாட்டு வாசனை, எண்ணூர் ஆலைகள் பக்கமிருந்து வந்தால் வேறொரு வாசனை. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதை மூக்குதான் முடிவு செய்யும். ஏற்றுமதிச் சட்டைகள் தைத்தோம், பெரும்பாலும் கட்டம் போட்டவை. சாயம் போகிறதா, துணி சுருங்குகிறதா, தையல் தாங்குகிறதா என்று பார்ப்பது என் வேலை.

எந்த வேலையையும் பட்டியல் போட்டுத்தான் எனக்குச் செய்ய வரும். ராயபுரத்தில் எங்கள் வீட்டில் இது நிரந்தரக் கேலி. "இவளுக்குத் தாலி கட்ட வர்றவன் மொதல்ல லிஸ்ட்டுல டிக் வாங்கணும்" என்பாள் அம்மா. அந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான், எங்கள் சட்டைகளை வாங்கி விற்கிற வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து ஓர் உறுதிமொழிக் காகிதம் வந்தபோது மேனேஜர் அதை என் மேசைக்குத் தள்ளினார். "உனக்குத்தான் இது சரிப்படும்மா. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போட்டிருக்கான் பாரு."

நாங்கள் பையர் என்று சொல்லும் அந்த நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தது. தங்கள் சட்டை தைக்கப்படும் இடங்களில் மிஞ்சுகிற துணி எதுவும் குப்பைமேட்டுக்கோ நெருப்புக்கோ போகாது. ஒவ்வொரு துண்டும் எதற்காவது பயன்படும். வாக்கைக் கொடுத்தது அவர்கள், காப்பாற்ற வேண்டியது நாங்கள். கூடவே சுவரில் ஒட்ட ஒரு பெரிய ஆங்கில அட்டையும் வந்தது. அதைத் தமிழில் எழுதும் வேலையும் என்னிடம் வந்தது. அதன் நடுவில் பெரிதாக நின்ற 'சஸ்டெய்னபிலிட்டி' என்ற சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் தேடி அரை நாள் உட்கார்ந்தேன். அகராதியில் இருந்தவை எல்லாம் அரசாங்கக் கடிதம் போல ஒலித்தன. கடைசியில் "துணியை வீணாக்க மாட்டோம்" என்று எழுதி ஒட்டினேன்.

கட்டிங் மாஸ்டர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அதைப் படித்தார். "ஏம்மா, அப்போ இத்தினி நாளா வீணாக்கிகினா இருந்தோம்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் வெட்டுத்துணி ஒருபோதும் வீணானதில்லை. சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மணிக்குப் பிறகு பின்வாசலில் ஒரு மீன்பாடி வண்டி வந்து நிற்கும். முன்னால் பலகையும் பின்னால் ஆள் மிதிக்கும் இருக்கையும் கொண்ட மூன்று சக்கர வண்டி. அதில் மூட்டைகளை ஏற்றி, அவற்றின் உச்சியில் யானைமேல் உட்காருவதுபோல் உட்கார்ந்து ஓர் அக்கா போவார். நாற்பது வயதைத் தாண்டியவர். உரத்த குரல், உரத்த சிரிப்பு. காவலாளி முதல் மேனேஜர் வரை எல்லாருக்கும் ஏதாவது ஒரு வம்பு வைத்திருப்பார். "இன்னா சாரே, தொப்பை ஏறிக்கினே போவுது, உன் சட்டைக்கே தனியா ஒரு ரோலு துணி வெட்டணும் போலகீதே!" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, அவர் பதில் யோசிப்பதற்குள் வண்டி தெருமுனை தாண்டிவிடும்.

அக்காவின் வீட்டை ஒட்டி ஒரு ஷெட் இருந்தது. அங்கே அவரும் அதே தெருவைச் சேர்ந்த ஐந்தாறு பெண்களும் துணியைப் பிரிப்பார்கள். முழுப் பருத்தி ஒரு பக்கம், நைலான் கலந்தது ஒரு பக்கம், கைக்குள் அடங்காத அளவு சின்னது ஒரு பக்கம். பருத்தித் துண்டுகள் துறைமுகத்தைச் சுற்றியுள்ள பட்டறைகளுக்கும் லாரி ஷெட்டுகளுக்கும் எண்ணெய் துடைக்கிற வேஸ்ட் துணியாகப் போகும். மற்றவை வண்ணாரப்பேட்டையில் மெத்தை, தலையணை அடைப்பவர்களுக்கு.

இதன் மறுமுனை எனக்கு வீட்டிலேயே தெரிந்திருந்தது. என் அப்பா துறைமுகத்தில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். வேலை விட்டு வரும்போது அவருடைய கால்சட்டைப் பின்பையில் ஒரு கறுத்த துணி தொங்கும். ஒருநாள் அது முழுதாகக் கறுக்கவில்லை. ஓரத்தில் பச்சையும் நீலமுமாக ஒரு கட்டம் தெரிந்தது. அந்தக் கட்டத்தை நான் வாரக்கணக்கில் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துச் சாயம் பார்த்திருந்தேன்.

"நைனா, இது எங்க கம்பெனித் துணி."

அப்பா அதை எடுத்து விளக்குக்கு எதிரே பிடித்தார். "அப்டியா? சோக்கா எண்ணெ குடிக்குது. உங்க மொதலாளிகிட்ட சொல்லு, கப்பலு சந்தோசமா கீதுன்னு."

ஆகவே உறுதிமொழிக் காகிதத்தைப் படித்தபோது எனக்கு அது ஒன்றும் கடினமாகத் தோன்றவில்லை. செய்துகொண்டிருப்பதை எழுதிக் கொடுத்தால் போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் காகிதத்தின் இரண்டாம் பக்கத்தில் நிபந்தனைகள் இருந்தன. துணி போகும் இடத்தைப் பையரின் சார்பில் ஒருவர் நேரில் வந்து பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே குழந்தைகள் வேலை செய்யக் கூடாது. நெருப்புக்குப் பாதுகாப்பு வேண்டும். முக்கியமாக, வேலை வீடுகளுக்குள் நடக்கக் கூடாது. வீட்டுக்குள் நடந்தால் யார் செய்கிறார்கள், எத்தனை நேரம் செய்கிறார்கள் என்று யாராலும் பார்க்க முடியாது என்பது அவர்கள் தரப்பு. அதிலும் நியாயம் இருந்தது.

இந்த நிபந்தனைகளுக்குப் பொருந்தும் இடம் கிடைக்காத தொழிற்சாலைகளுக்காக, வேறொரு மாவட்டத்தில் ஒரு மில்லை அவர்களே காட்டியிருந்தார்கள். துணியை மறுபடி பஞ்சாக்கி நூலாக்குகிற மில். அதுவும் நல்ல காரியம்தான். லாரி வந்து எடுத்துப் போகும், கையெழுத்துப் போட்டால் முடிந்தது. மேனேஜர் மில் பக்கம் சாய்ந்திருந்தார். "ஒரே பேப்பர்ல முடியுறத விட்டுட்டு எதுக்கும்மா இந்தம்மாவ இழுத்துக்கிட்டு?" நான் என் அப்பாவின் பின்பைத் துணியைப் பற்றிச் சொன்னேன். லாரி அத்தனை தூரம் டீசல் எரித்துக்கொண்டு போவதைச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, வந்து பாக்கட்டும். ஓகே ஆச்சுன்னா அந்தம்மா, ஆகலைன்னா மில்லு" என்றார்.

இதை அக்காவிடம் சொல்லப் போனேன். அவருக்கு எங்களை விட்டால் வேறு துணி கிடையாது. அக்கம்பக்கத்து ஆலைகளில் சில மூடிக் கிடந்தன; ஓடுகிறவற்றில் கழிவெடுக்கும் உரிமை பெரிய கைகளிடம் இருந்தது. மூட்டை வரவில்லையென்றால் அந்த ஷெட்டில் பிரிக்க எதுவும் இருக்காது. அக்கா எல்லாவற்றையும் கேட்டார். முதல்முறையாக வம்பு எதுவும் பேசவில்லை.

"இன்னா இன்னா செய்யணும்னு சொல்லு. அல்லாத்தையும் செஞ்சுர்லாம்."

சொன்னேன். மணல் வாளி, குடிதண்ணீர்ப் பானை, வெளியே ஒரு பெயர்ப்பலகை. ஷெட்டுக்குத் தெருவிலிருந்து தனி வாசல் இருந்தது நல்லதாகப் போயிற்று. அதனால் அது வீடு என்ற கணக்கில் வராது. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் உள்ளே வரக் கூடாது. யார் வீட்டுக்குள்ளும் வேலை நடக்கக் கூடாது.

"அப்புறம் ஒண்ணு, அக்கா. அன்னிக்கும் எப்பவும் போல வேலை நடக்கட்டும்."

"ஆங், ஆங்" என்றார்.

பார்க்க வந்தவர் பெங்களூரிலிருந்து வந்த ஓர் அம்மாள். ஆடிட்டர் மேடம் என்று அழைத்தோம். ஐம்பதை நெருங்கியவர், சிறிய உருவம், தோளில் ஒரு துணிப்பை. தமிழ் பேசுவார், ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைப்பதுபோல் நிதானமாக. காலையில் தொழிற்சாலையைப் பார்த்து முடித்ததும் இருவரும் ஆட்டோவில் கிளம்பினோம்.

ஆட்டோ தெருவுக்குள் திரும்பியது. தெரு முழுக்கத் தண்ணீர் தெளித்திருந்தது. ஷெட் வாசலில் கலர்ப்பொடியில் பெரிய கோலம். அதன் நடுவே நல்வரவு. பெண்கள் எல்லாரும் பட்டுப்புடவையில், தலைநிறையக் கனகாம்பரத்துடன் வரிசையாக நின்றார்கள். ஏதோ பெண் பார்க்க வந்ததுபோல இருந்தது. பெயர்ப்பலகைக்கு மாலை போட்டிருந்தார்கள்.

உள்ளே ஷெட் காலியாக இருந்தது. சிமெண்டுத் தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். ஈரம் இன்னும் காயவில்லை. ஊதுவத்தி மணந்தது. நடுவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், அவற்றின்மேல் புதுத் துண்டுகள். ஒரு ஸ்டூலில் ஆரஞ்சு நிறக் கலர் பாட்டில்களும் பிஸ்கட் தட்டும். ஒரு நூல், ஒரு துண்டுத் துணி கண்ணில் படவில்லை.

"குந்துங்க மேடம், குந்துங்க" என்றார் அக்கா, முகமெல்லாம் மஞ்சளும் பெருமையுமாக.

ஆடிட்டர் மேடம் உட்காரவில்லை. "துணி எங்கே?"

"துணியா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். சோக்கா பெருக்கிக் கழுவி வச்சிகீறோம்."

"இங்கே வேலை நடக்கவில்லையா?"

"நடக்குமே! நாளிக்கு நடக்கும். இன்னிக்கு நீங்க வர்றீங்கன்னு அல்லாருக்கும் லீவு வுட்டுட்டேன்."

மேடம் என் பக்கம் திரும்பினார். கோபமில்லை, பட்டியலில் இருக்க வேண்டிய ஒன்று இல்லாதபோது நான் பார்க்கிற பார்வை அது. சனிக்கிழமை மூட்டைகள் இங்கே வருவதாக நான் எழுதிக் கொடுத்திருந்தேன். மூட்டைகள் இல்லை. அப்படியானால் எங்கே கொட்டுகிறார்கள்? அந்தக் கேள்வி அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"அக்கா, மூட்டைங்க எங்க?" என்றேன்.

"பத்திரமா கீது."

"எங்க?"

அவர் என் காதருகே வந்தார். "அல்லார் வூட்லயும் ஒண்ணொண்ணு."

"வீட்டுக்குள்ளயா? கூடாதுன்னு சொன்னேனே!"

"வேலை செய்யக்கூடாதுன்னுதான சொன்ன? வைக்கக்கூடாதுன்னா சொன்ன?" பிறகு, காரியம் கெட்டுக்கொண்டிருப்பது புரிந்தவராக, தெருப்பக்கம் திரும்பிக் கத்தினார். "ஏய், மூட்டைய இஸ்துகினு வாங்கடி!"

தெருவின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கட்டிலுக்கடியிலிருந்து, பரண்மேலிருந்து, தண்ணீர் டிரம்முக்குப் பின்னாலிருந்து மூட்டைகள் வந்தன. ஒரு வீட்டு வாசலில் ஒருத்தி தயங்கி நின்றாள். "எக்கா, எங்க மாமனாரு அதும்மேல தல வச்சி தூங்கினு கீறாரு. எழுப்பட்டா?"

"எழுப்புடி! கப்பலே கவுந்துகினு கீது, இவளுக்கு மாமனாரு தூக்கம்!"

ஆடிட்டர் மேடத்தின் உதடு ஓரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து, மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளியிலிருந்து வந்த ஒரு சிறுமி, சீருடையில், ரெட்டைப்பின்னல் ஆட ஆட, அம்மாவோடு சேர்ந்து ஒரு மூட்டையின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். சிரிப்பு மறைந்துவிட்டது. பேனா எழுதத் தொடங்கியது.

மூட்டைகளை அவிழ்த்து, பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லாரும் ஈரத் தரையில் உட்கார்ந்து துணி பிரித்துக் காட்டினார்கள். கைகள் வேகமாகத்தான் ஓடின. ஆனால் கனகாம்பரமும் பட்டுமாக அது ஏதோ பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் வேலைக்காட்சி நடப்பதுபோல இருந்தது. கலர் பாட்டிலை யாரும் தொடவில்லை.

திரும்பும் வழியில், ஆட்டோ ரயில்வே கேட்டில் நின்றபோது, மேடம் பேசினார். "இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கண்ணால் பார்த்ததைத்தான் எழுத முடியும். துணி வீடுகளிலிருந்து வந்தது. ஒரு குழந்தை அதை இழுத்து வந்தது."

"உங்களுக்காகத்தான் எல்லாத்தையும் எடுத்து மறைச்சிருக்காங்க, மேடம். விருந்தாளி வர்றாங்கன்னு."

"தெரிகிறது." சரக்கு வண்டி ஒன்று நிலக்கரியோடு எங்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது. அது முடியும்வரை காத்திருந்து சொன்னார். "இன்னொரு முறை வருவேன். அன்று யாருக்கும் சொல்ல மாட்டேன், உங்களுக்கும். அன்றும் எனக்குத் திருப்தி இல்லையென்றால் மில்தான்."

சாயங்காலம் அக்காவிடம் போய் இதைச் சொன்னேன். அவர் பட்டுப்புடவையை மாற்றாமல் அந்தத் துண்டு போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, குவியல் குவியலாவே இருக்கட்டும். அவங்க பாக்க வர்றதே அதைத்தான்."

"ஏம்மா, உன் வூட்டுக்கு ஆளு வந்தா குப்பய நடுவூட்ல கொட்டிவச்சிக் காட்டுவியா?"

"இது குப்பை இல்லையே, அக்கா."

"அது உனக்கும் எனக்கும் தெரியும். வர்றவங்களுக்கு?" தலையிலிருந்த கனகாம்பரத்தை உருவி எடுத்தார். "சொல்லாம கொள்ளாம வர்றதுக்கு அந்தம்மா இன்னா போலீசா? கடன்காரியா?"

எங்கள் பக்கத்து வழக்கம் எனக்குத் தெரியும். ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால், அம்மா முதலில் மறைப்பது அப்பாவின் எண்ணெய் உடுப்பைத்தான். அந்த உடுப்பால்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. இருந்தும் அது கொல்லைக் கொடியைத் தாண்டி முன்னால் வந்ததில்லை. வடசென்னையில் எங்களைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் எதைப் பார்த்து மூக்கைப் பிடிப்பார்கள் என்பது எங்களுக்கு மனப்பாடம். அவர்கள் வருவதற்குள் அதைக் கழுவிவிடுவது ஒருவகைத் தற்காப்பு. வேலை நடக்கிற இடத்தை அதே அலங்கோலத்தோடு பார்க்க வேண்டும் என்று ஒருவர் விரும்பி வரக்கூடும் என்பதை அக்காவால் நம்ப முடியவில்லை. நான் பட்டியல் போட்டுச் சொன்ன எல்லாவற்றையும் அவர் செய்தார். "எப்பவும் போல" என்ற ஒன்றை மட்டும் நான் மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு சனிக்கிழமை வண்டி வழக்கம்போல் வந்தது. ஒவ்வொரு முறையும் மூட்டை ஏறும்போது, இது கடைசியா என்று கேட்பதுபோல அக்கா என்னைப் பார்ப்பார். கேட்கமாட்டார். மேனேஜர் மில்லுக்கான காகிதத்தை நிரப்பித் தயாராக மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு காலையில் ஆடிட்டர் மேடம் வந்து இறங்கினார். எங்கள் கழிவுநீர்த் தொட்டியைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். பார்த்தார். தேநீர் குடித்தார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "இப்போது அந்த இடத்துக்குப் போகலாமா?" என்றார்.

மேனேஜர் அவருக்குப் பின்னால் நின்று, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காதில் வைத்துக் காட்டினார். ஃபோன் பண்ணு. அக்கா வீட்டுக்கு எதிர்க்கடையில் ஒரு ரூபாய்த் தொலைபேசி இருந்தது. அதன் எண் எனக்குத் தெரியும். கைப்பையை எடுக்க என் அறைக்குள் போனேன். மேசையில் ஃபோன் இருந்தது. பேசினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது: நாங்கள் போய்ச் சேருவதற்குள் தெருவில் தண்ணீர் தெளித்திருப்பார்கள். பேசாவிட்டால் என்ன நடக்கும் என்பது தெரியவில்லை. பையை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆட்டோவில் என் தலைக்குள் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டே இருந்தது. மழையென்று பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தால்? ஷெட்டுக்குள்ளேயே யாராவது ஸ்டவ் பற்ற வைத்திருந்தால்? கூரை ஒழுகுகிறதென்று மூட்டைகளை மறுபடி வீடுகளுக்குள் ஏற்றியிருந்தால்? எதற்கும் டிக் போட வழியில்லை.

தெருவில் சேறு. கோலம் இல்லை. மாலை கழற்றிய பெயர்ப்பலகை ஒருபக்கம் சாய்ந்து தொங்கியது. ஷெட்டுக்குள்ளிருந்து ரேடியோ பாடும் சத்தமும் யாரையோ கலாய்க்கிற சத்தமும் வந்தன. உள்ளே எட்டிப் பார்த்தோம்.

துணி இடுப்பளவுக்குக் கிடந்தது. பச்சை, நீலம், பழுப்பு, எங்கள் கட்டங்கள் எல்லாம். பெண்கள் நைட்டியும் தோளில் துண்டுமாக அதற்குள் புதைந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியின் தலைமுடி முழுக்க நூல். குவியலின் உச்சியில், பொத்தான் இல்லாத ஓர் ஆண்பிள்ளைச் சட்டையை நைட்டிமேல் மாட்டிக்கொண்டு, ஒரு கையில் பழையசோறும் மறு கையில் பொரித்த நெத்திலியுமாக அக்கா. குழந்தைகள் யாரும் இல்லை. ஸ்டவ் இல்லை. மணல் வாளி இருந்தது. அதில் யாரோ குடையைச் சொருகி வைத்திருந்தார்கள்.

அக்கா எங்களைப் பார்த்தார். நெத்திலி கையிலேயே நின்றுவிட்டது.

"அய்யோ! சொல்லாம கொள்ளாம வந்துகீறீங்களே! இடமெல்லாம் கலீஜா கீதே!" தட்டை வைத்துவிட்டு, கையில் கிடைத்த சாக்கைப் பிரித்து அத்தனை பெரிய குவியலை மூடப் பார்த்தார். சாக்கு ஒரு மூலையைக்கூட மறைக்கவில்லை.

"மூடாதீர்கள், அம்மா" என்றார் மேடம். "இதைத்தான் பார்க்க வந்தேன். சாப்பிட்டு முடியுங்கள்." செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். எந்தத் துண்டு எங்கே போகிறது என்று கேட்டார். ஒருத்தி தொடங்க, மற்றவள் திருத்த, எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எந்தப் பட்டறைக்கு வெள்ளைத் துணிதான் வேண்டும், எந்த லாரி ஷெட்டுக்காரர் நைலான் கலந்து போனால் தெருவுக்கே வந்து சண்டை போடுவார் என்றெல்லாம்.

"எண்ணெய் துடைத்த பிறகு அந்தத் துணி எங்கே போகிறது?" என்று மேடம் கேட்டார்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்பால கப்பலு பாத்துக்கும்" என்றாள் முடியில் நூலோடு இருந்தவள். எல்லாரும் சிரித்தார்கள், மேடமும் சிரித்தார். ஆனால் அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டார். எனக்கும் விடை தெரிந்திருக்கவில்லை. அன்று இரவு அப்பாவிடம் கேட்டேன். "மூலைல டிரம்மு ஒண்ணு கீது, அதுல போடுவோம். நெறஞ்சா எவனோ எடுத்துகினு போவான்" என்றார். எவன், எங்கே என்பது அவருக்கும் தெரியவில்லை. எண்ணூர்க் கழிமுகத்துப் பக்கம் போகும்போதெல்லாம், தண்ணீரில் மிதக்கிற கறுப்பு எதைப் பார்த்தாலும் அதில் கட்டம் தெரிகிறதா என்று கண் தேடும். பையரின் காகிதத்தில் அந்தக் கேள்விக்கு இடமே விட்டிருக்கவில்லை.

ஆடிட்டர் மேடத்தின் அறிக்கை சாதகமாக வந்தது. துணி அக்காவுக்கே. மேனேஜர் மில் காகிதத்தைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து உருவி மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார். "பாத்தியா, வீணாக்கல" என்றார்.

ஆனால் அடுத்த சனிக்கிழமை அக்கா வரவில்லை. வண்டிக்காரர் மட்டும் வந்து மூட்டைகளை ஏற்றிப்போனார். அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படியே. நானே போனேன். அக்கா எழுந்து நின்றார்.

"வாங்க மேடம்."

அந்த "வாங்க"வும் "மேடமும்" எனக்குச் சுருக்கென்று இருந்தன. "என்னக்கா, துணிதான் உங்களுக்கே வந்துடுச்சே."

"வந்துச்சி. நல்லா இருங்க." அவர் என்னைப் பார்க்காமல் ஒரு துண்டை எடுத்து நீவினார். "நீ ஒரு ஃபோன் பண்ணிருக்கலாம்."

"பண்ணியிருந்தா திரும்ப எல்லாத்தையும் எடுத்து ஒளிச்சிருப்பீங்க. துணி போயிருக்கும்."

"அது எனக்குத் தெரியாதா? ஒளிச்சிதான் வச்சிருப்பேன். துணியும் போயிருக்கும்." இப்போது நிமிர்ந்து பார்த்தார். "இருந்தாலும் நீ ஃபோன் பண்ணிருக்கணும்."

நெடுநேரம் அதைப் பற்றி யோசித்திருக்கிறேன். மறுபடி அதே காலை வந்தாலும் ஃபோனை எடுத்திருக்க மாட்டேன். அக்காவும் அதற்காக என்னை வேலை தெரியாதவள் என்று சொல்லவில்லை. ஆனால் மூட்டை என்பது வேலை, ஃபோன் என்பது வேறு. வெளியாள் ஒருவர் வருவதை முன்கூட்டிச் சொல்வது எங்கள் தெருக்களில் ஒருவருக்கொருவர் செய்துகொள்கிற காரியம். நான் அந்தத் தெருக்களைச் சேர்ந்தவள். அன்று மேடத்தோடு ஆட்டோவில் வந்தேன். இரண்டும் அக்கா சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தன.

மெல்ல மெல்ல "மேடம்" உதிர்ந்துபோய் "இன்னாம்மா" திரும்பி வந்தது. மேனேஜரின் தொப்பையும் மறுபடி பேச்சுக்கு வந்தது.

மறு வருடம் ஆடிட்டர் மேடம் மீண்டும் வந்தார், சொல்லாமல்தான். நானும் கூடப் போனேன். ஷெட்டுக்குள் நுழைந்ததும் இருவருமே நின்றுவிட்டோம். வாசலை ஒட்டிய முன்பகுதித் தரை பெருக்கித் துடைத்திருந்தது. அதன் நடுவில், கோலம் போடுகிற இடத்தில், ஒரு சின்னக் குவியல். பச்சைக் கட்டம், நீலக் கட்டம் என்று நல்ல துண்டுகளாகப் பார்த்து, கட்டம் வெளியே தெரியும்படி அடுக்கிய குவியல். பக்கத்தில் துண்டு போட்ட ஒரே ஒரு நாற்காலி. பின்பகுதியில் தார்ப்பாய்த் திரை தொங்கியது. அதற்குப் பின்னால் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

அக்கா திரையை விலக்கிக்கொண்டு வந்தார். நைட்டிதான், ஆனால் இஸ்திரி போட்டது.

"நீங்க எந்நேரம் வருவீங்கன்னு யாரு கண்டா? அதான் இத்த எப்பவும் ரெடியா வச்சிகீறேன். இது பாக்கறதுக்கு. வேலை பின்னால நடக்குது. அதையும் பாக்கணும்னா சொல்லுங்க, தொறக்கிறேன். சொல்லாம மட்டும் பூந்துடாதீங்க."

மேடம் திரைக்கு வெளியே நின்று, "பார்க்கலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா" என்றார் அக்கா. அதன் பிறகே திரையை முழுதாக இழுத்துவிட்டார். பின்னால் பழைய குவியல், இடுப்பளவு, அதே அலங்கோலத்தோடு. மேடம் நெடுநேரம் பார்த்தார், கேட்டார், எழுதினார். கிளம்பும்போது துணிப்பையிலிருந்து கேமராவை எடுத்தார். இரண்டு குவியல்களையும் படம் பிடித்தார்.

சில மாதங்களுக்குப் பிறகு பையரின் ஆண்டுப் புத்தகம் எங்களுக்கு வந்தது. வழவழப்பான தாள். பசுமை, எதிர்காலம், உறுதி என்று பக்கத்துக்குப் பக்கம். நடுவில் ஒரு பக்கத்தில் எங்கள் வெட்டுத்துணி இருந்தது. கழுவிய தரையில், கட்டம் வெளியே தெரிய அடுக்கிய சின்னக் குவியல். இடுப்பளவுக் குவியலின் படத்தை அவர்கள் போடவில்லை.

அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை பின்வாசலுக்குப் போனேன். அக்கா மூட்டைகளின் உச்சியில் உட்கார்ந்தபடியே அதைக் கையில் வாங்கினார். கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார், பிறகு கிட்டே வைத்துப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"பாத்தியா?" என்றார். "நீ இன்னாமோ கூட்டாதே, பெருக்காதேன்னியே. பெருக்கி வச்சதுனாலதான படம் சோக்கா வந்துகீது."

தாளை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, "போவலாம்பா" என்று வண்டிக்காரரின் தோளைத் தட்டினார்.